மூன்றாவது பிள்ளையோடு நிறுத்துகிறோம்: ஆபரேஷன் எனக்கா, கணவருக்கா?

தேன்மல்லி (சுங்கை சிப்புட், மலேசியா)

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 33 வயது. கணவர் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் குலை வெட்டுகிறார், நான் ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். இரண்டு பெண் பிள்ளைகள். இப்போது மூன்றாவது வயிற்றில், எட்டாவது மாதம் தொடங்கிவிட்டது. முதல் இரண்டும் ஆபரேஷன் பிரசவம். இதுவும் ஆபரேஷன்தான் என்று தேதி குறித்துக் கொடுத்துவிட்டார்கள். மூன்றோடு போதும் என்பதில் எங்கள் இருவருக்கும் ஒரே எண்ணம்.

எப்படி நிறுத்துவது என்பதில்தான் குழப்பம். "வயிற்றைத் திறக்கும்போதே டியூபைக் கட்டிவிடலாம், யோசித்துச் சொல்லுங்கள்" என்றார் டாக்டர். மாமியாருக்கும் அதுதான் சரி. ஆண்களுக்குச் செய்வது இதைவிடச் சின்ன வேலை என்று படித்திருந்தேன், அதை வீட்டில் சொன்னேன். "வெயிலில் நின்று குலை வெட்டுகிற பிள்ளைக்கு அங்கே கத்தி வைக்கச் சொல்கிறாயா" என்று அத்தை அழுதேவிட்டார். கணவர் எதுவும் பேசவில்லை, மோட்டாரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கட்டிக்கொண்டவர்கள், கட்டிக்கொள்ளாதவர்கள், ஆண்களுக்குச் செய்துகொண்டவர்கள், எல்லோரும் உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்.


ஈப்போ சுந்தரி

நான் மூன்றாவது ஆபரேஷனிலேயே கட்டிக்கொண்டேன். தனியாக ஒரு வலி இல்லை, தனியாக ஒரு தையலும் இல்லை. மாதவிலக்கு முன்பு போலவே வருகிறது. கட்டினால் உடம்பு ஊதும், இடுப்பு போய்விடும் என்று லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) சொல்லாத ஆள் இல்லை. எனக்கு அப்படி எதுவும் வரவில்லை. யோசிக்காமல் கட்டிவிடுங்கள் தங்கச்சி.


ஓய்வு மிஸ்ஸி

மகளே, "யோசிக்காமல்" என்ற சொல்லை மட்டும் விட்டுவிடு. சுந்தரி சொன்ன மற்றது எல்லாம் சரி. பேராவில் அரசு கிளினிக்குகளின் தாய் சேய்ப் பிரிவில் மிஸ்ஸியாக (நர்ஸாக) வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். தெரிந்ததை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

பெண்ணுக்குச் செய்வதில் கருமுட்டை வரும் குழாய் இரண்டையும் கட்டி வெட்டுவார்கள், அல்லது கிளிப் போடுவார்கள். இப்போது பல இடங்களில் குழாயை முழுவதுமாகவே எடுத்துவிடுகிறார்கள். சினைப்பைப் புற்றுநோய்களில் பல இந்தக் குழாயின் நுனியில்தான் தொடங்குகின்றன என்று தெரியவந்திருப்பதால், எடுத்துவிட்டால் அந்த ஆபத்தும் குறைகிறது. உன் டாக்டர் எந்த முறையில் செய்வார் என்று கேட்டு வை. சினைப்பையை யாரும் தொடுவதில்லை. அதனால் ஹார்மோன் மாறாது, விலக்கு நிற்காது. இத்தனை நாள் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு அதை நிறுத்தியதும் பழைய விலக்கு திரும்பி வரும், சிலருக்குக் கொஞ்சம் கூடுதலாகவும் போகும். அதைத்தான் "கட்டியதால் வந்தது" என்று பேசுகிறார்கள்.

ஆணுக்குச் செய்வது வாசெக்டமி. மரத்துப்போக ஊசி போட்டு, விதைப்பையின் தோலில் சின்னத் துளை வழியாக விந்தணு வரும் இரண்டு நாளங்களையும் வெட்டி அடைப்பார்கள். 15 நிமிடத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் முடியும், அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். கத்தியால் கீறாமல் துளை மட்டும் போடும் முறையைச் சீனாவில் 1974இல் கொண்டுவந்தார்கள், இப்போது உலகம் முழுக்க அது பரவியிருக்கிறது. வயிற்றைத் திறக்க வேண்டாம், முழு மயக்கம் வேண்டாம். தனித்தனியாக வைத்துப் பார்த்தால் ஆணுக்குச் செய்வதுதான் சின்ன ஆபரேஷன், ஆபத்தும் குறைவு. இதில் மருத்துவ உலகில் இரண்டு பேச்சு கிடையாது.

தவறிப்போகும் வாய்ப்பு இரண்டிலும் உண்டு. அமெரிக்காவில் 10,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 1996இல் ஓர் ஆய்வு வந்தது. கட்டிக்கொண்ட 1,000 பேரில் 18 அல்லது 19 பேர் 10 ஆண்டுக்குள் மறுபடி கருவுற்றார்கள். அப்படித் தவறிப்போனால் கரு குழாயிலேயே தங்கிவிடும் வாய்ப்பு அதிகம், அது உயிருக்கே ஆபத்து. ஆகவே கட்டிய பிறகும் விலக்கு தள்ளிப்போனால் உடனே கிளினிக்குக்குப் போக வேண்டும். வாசெக்டமி செய்து, விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று உறுதியான பிறகு, தவறுவது ஏறக்குறைய 2,000 பேரில் ஒருவருக்குத்தான்.

ஆனால் உன் நிலைமை வேறு. உன் வயிற்றை எப்படியும் திறக்கப் போகிறார்கள். அந்த நேரத்தில் குழாயைக் கட்டுவது இன்னும் சில நிமிட வேலை. "ஆணுக்குச் செய்வதுதான் சுலபம்" என்ற கணக்கு உனக்கு மட்டும் கொஞ்சம் மாறுகிறது. இதை மறைக்காமல் சொல்வதுதான் நியாயம்.


குறிஞ்சி

தேன்மல்லி, ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். இரண்டும் பெண் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றாவது பையனாகப் பிறந்தால்தான் கட்ட வேண்டும் என்று வீட்டில் யாராவது சொல்கிறார்களா?


தேன்மல்லி

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று தெரியவில்லை. ஆமாம். "பையன் என்றால் அங்கேயே கட்டச் சொல், பொண்ணு என்றால் பொறு" என்று அத்தை சொல்லியிருக்கிறார். ஸ்கேனில் இதுவரை குழந்தை காலை மூடிக்கொண்டே இருக்கிறது. நானும் கணவரும் அப்படி நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்று அத்தையிடம் நேராகச் சொன்னதும் இல்லை.


ஓய்வு மிஸ்ஸி

அப்படியானால் முதலில் அதை இருவரும் பேசி முடியுங்கள். ஆபரேஷன் மேசையில் குழந்தை பையனா பெண்ணா என்று பார்த்துவிட்டு முடிவெடுப்பது முடிவே அல்ல. எத்தனையோ பேரை அந்த நிலையில் பார்த்திருக்கிறேன். மயக்க ஊசி போட்டிருக்கும், உடம்பு நடுங்கும், வெளியே மாமியாரும் அம்மாவும் ஆளுக்கொன்று பேசுவார்கள். குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன்பே விளக்கம் கேட்டு, வீட்டில் பேசி, ஒப்புதல் கொடுத்திருக்க வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டிகளே சொல்கின்றன. கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் பிங்க் புத்தகத்தில் இப்போதே எழுதச் சொல். எழுதிய பிறகும் கடைசி நிமிடம் வரை "வேண்டாம்" என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு.

இன்னொன்றும் கேட்டு வை. பிறந்த குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் கட்டுவதைத் தள்ளிப்போடுவார்களா என்று டாக்டரிடம் கேள். கேட்கவே மனசுக்குக் கஷ்டமாக இருக்கும், இருந்தாலும் கேள்.


பால்மரத்துப் பெரியவர்

பெண்கள் பேசுகிற இடத்தில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு 70 தாண்டிவிட்டது, தோட்டத்தில் பிறந்து தோட்டத்திலேயே கிராணியாக (எழுத்தராக) ஓய்வு பெற்றவன்.

ஆண்களுக்குள்ள பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 1975இலிருந்து 1977 வரை இந்தியாவில் அவசரநிலை. வடக்கே ஆண்களைப் பிடித்துக்கொண்டு போய்க் கட்டாயமாக ஆபரேஷன் செய்தார்கள், கணக்குக் காட்ட வேண்டும் என்று வயதானவர்களைக்கூட விடவில்லை. ஊரிலிருந்து வந்த கடிதங்களிலும் பத்திரிகையிலும் அந்தக் கதை இங்கேயும் வந்து சேர்ந்தது. "ஆண்களுக்கு ஆபரேஷன்" என்றாலே கவர்மெண்டுக்காரன் ஆண்மையை எடுத்துவிடுவான் என்று லயம் முழுக்கப் பேச்சு. இங்கே யாரும் யாரையும் பிடிக்கவில்லை. ஆனாலும் பயம் மட்டும் அப்பனிடமிருந்து மகனுக்குப் போய்விட்டது.

நம் நாட்டில் குடும்பத் திட்டச் சட்டமும் அதற்கான வாரியமும் 1966இலேயே வந்தன. அப்புறம் 1980களில் அரசாங்கமே ஏழு கோடி மக்கள்தொகை வேண்டும் என்று பேச ஆரம்பித்தது, குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரச்சாரத்தின் வேகம் குறைந்தது. எங்கள் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெசர் பெண்களுக்குக் கருத்தடை மாத்திரை கொடுத்தார். ஆண்களிடம் யாரும் வந்து எதுவும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. பெண்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அப்படியே வழக்கமாகிவிட்டது.

இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. 2020 கணக்கெடுப்பில் நாட்டின் குடிமக்களில் இந்தியர்கள் 6.7 விழுக்காடு. எங்கள் காலத்தில் பத்துக்கு மேல் இருந்தது. எல்லோரும் இரண்டு, மூன்றோடு கட்டிக்கொண்டால் நாளைக்கு இங்கே நம் குரலைக் கேட்க யார் இருப்பார்கள்?


வெண்பனி

ஐயா, உங்கள் வயதுக்கு மரியாதை கொடுத்தே சொல்கிறேன். இனத்தின் எண்ணிக்கையை இந்த ஒரு பெண்ணின் கர்ப்பப்பையில் ஏற்றாதீர்கள். மூன்றாவது முறை வயிற்றைக் கிழிக்கப் போகிறவள் அவள். ஒவ்வொரு ஆபரேஷன் கூடும்போதும் அடுத்த பிரசவத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து ஏறுகிறது. அப்படி ஒட்டிக்கொண்டால் ரத்தப்போக்கை நிறுத்தக் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரும். என் அக்காவுக்கு நான்காவதில் அதுதான் நடந்தது. பிழைத்துவிட்டாள். ஆனால் எத்தனை பை ரத்தம் ஏற்றினார்கள் என்று அத்தான் இன்னும் சொல்லிச் சொல்லி அழுவார்.

நம் எண்ணிக்கைதான் கவலை என்றால் இருக்கிற பிள்ளைகள் ஐந்தாம் படிவத்தோடு நின்றுவிடாமல் மேலே படிக்க வழி பண்ணுவோம். அதற்கு நான் முதல் ஆளாக வருகிறேன்.


பால்மரத்துப் பெரியவர்

உங்கள் அக்காவின் விஷயம் எனக்குத் தெரியாது அம்மா. அதைக் கேட்ட பிறகு இந்தத் தங்கச்சியிடம் இன்னும் ஒரு பிள்ளை பெற்றுக்கொள் என்று நான் சொல்ல மாட்டேன். இனத்தைப் பற்றிய கவலை எனக்கு இருக்கிறது, இருக்கும். அதை வேறு இடத்தில் பேசுகிறேன்.


நிலா அம்மா

எதற்கு நிரந்தரம்? நான் இரண்டாவது பிறந்ததும் கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர் டி போட்டுக்கொண்டேன். 10 ஆண்டுக்குக் கவலையில்லை, வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். முதல் சில மாதம் விலக்கு அதிகமாகப் போனது, வலியும் இருந்தது, பிறகு பழகிவிட்டது. ஆபரேஷனுக்கு நிகரான பாதுகாப்பு என்று டாக்டர் சொன்னார். கையில் வைக்கும் குச்சி 3 ஆண்டு, ஊசி 3 மாதத்துக்கு ஒரு தரம். என் தங்கைக்கு ஊசி ஒத்துக்கொள்ளவில்லை, எடை கூடியது, நிறுத்திய பிறகும் விலக்கு சரியாக வர ஒரு வருடம் பிடித்தது. உடம்புக்கு உடம்பு வேறு.


ஓய்வு மிஸ்ஸி

நிலா அம்மா சொல்வது முழுக்க உண்மை. காப்பரும் ஹார்மோன் உள்ள கருவளையமும் ஆபரேஷனுக்குச் சமமாக வேலை செய்கின்றன. ஆபரேஷன் நேரத்திலேயே, நஞ்சுக்கொடி வந்தவுடன், காப்பரைக் கர்ப்பப்பைக்குள் வைத்துவிடவும் முடியும். 40 வயதுக்குப் பிறகு போட்டால் விலக்கு நிற்கும் காலம் வரை அதை மாற்றக்கூட வேண்டாம் என்று பிரிட்டிஷ் வழிகாட்டிகள் சொல்கின்றன. நிரந்தரத்தில் மனம் முழுசாக நிற்காதவர்களுக்கு இதுதான் சரியான வழி என்று நான் எப்போதும் சொல்லி வந்திருக்கிறேன்.

குறிப்பாக 30க்குக் கீழே உள்ளவர்களுக்கு. முன்பு சொன்ன அதே அமெரிக்க ஆய்வில், 30 வயதுக்குள் கட்டிக்கொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் பின்னால் வருந்தியதாகச் சொன்னார்கள். 30 தாண்டியவர்களில் அது சுமார் 6 விழுக்காடுதான்.


முகம் தெரியாதவள்

அந்த ஐந்தில் ஒருத்தி நான். 26 வயதில், இரண்டாவது பிரசவ வலியில் இருக்கும்போது தாளைக் கொண்டுவந்து நீட்டினார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை. "இரண்டு போதும்தானே" என்று கேட்டார்கள். வலி போனால் போதும் என்றிருந்தது, கையெழுத்துப் போட்டேன். நான்கு வருடம் கழித்து என் கணவர் லாரி விபத்தில் போய்விட்டார். மறுபடி திருமணம் செய்திருக்கிறேன். இவர் நல்லவர், என் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாகவே பார்க்கிறார். ஆனால் அவருக்கென்று ஒரு பிள்ளை இல்லை. குழாயை மறுபடி இணைக்கத் தனியார் ஆஸ்பத்திரியில் கேட்டோம். பல ஆயிரம் வெள்ளி ஆகும், நிச்சயமும் இல்லை என்றார்கள். இருக்கிற சேமிப்பைப் பிள்ளைகளின் படிப்புக்கு வைத்துக்கொண்டோம்.

கட்ட வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வலியில் இருக்கிற பெண்ணிடம் தாளை நீட்ட யாருக்கும் உரிமை இல்லை, அதைத்தான் சொல்ல வந்தேன்.


வெண்பனி

உங்களை அணைத்துக்கொள்ள முடியவில்லை அக்கா. எழுதியதற்கு நன்றி.


குலைவெட்டு அண்ணன்

தேன்மல்லி தங்கச்சி, உன் வீட்டுக்காரர் செய்கிற அதே வேலைதான் நானும். போன வருடம் வாசெக்டமி செய்துகொண்டேன். எங்கள் கும்பலில் யாரிடமும் சொல்லவில்லை, இங்கே பெயர் இல்லாததால் எழுதுகிறேன்.

என் மனைவிக்கு ரத்த அழுத்தம். மாத்திரை கூடாது என்றார்கள், காப்பர் இரண்டு முறை போட்டு இரண்டு முறையும் நழுவியது. அவளை மறுபடி ஒரு ஆபரேஷனுக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அரசு கிளினிக்கில் கேட்டதும் ஆஸ்பத்திரியின் சிறுநீர்ப்பாதைப் பிரிவுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். முதல் நாள் பேச்சு மட்டும். எத்தனை பிள்ளை, என்ன வயது, பின்னால் மனம் மாறினால் என்ன செய்வாய் என்று டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார். எங்களிடம் மனைவியின் கையெழுத்தையும் வாங்கினார்கள். செய்கிற அன்று ஊசி போடும்போது சுருக்கென்றது, பிறகு உள்ளே இழுப்பது போல் ஓர் உணர்வு. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் படுத்தேன், நீலம் பாரித்து லேசாக வீங்கியிருந்தது, இறுக்கமான உள்ளாடை போட்டுக்கொண்டேன்.

எல்லா ஆணும் கேட்க நினைத்துக் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறதே, அதற்கும் பதில் சொல்கிறேன். எதுவும் மாறவில்லை. ஆசையும் அப்படியே, வேலையும் அப்படியே. வெளியே வரும் விந்தில் விந்தணு என்பது மிகச் சிறிய பங்கு, மீதி எல்லாம் வேறு சுரப்பிகளிலிருந்து வருகிறது என்று டாக்டர் விளக்கினார். ஆண் ஹார்மோன் ரத்தத்தில் போகிறது, அந்த நாளத்தில் அல்ல. வெட்டியதால் அது நிற்காது.


ஈப்போ சுந்தரி

அண்ணே, குலை தூக்க முடிகிறதா? தேன்மல்லியின் மாமியார் கேட்பது அதைத்தான்.


குலைவெட்டு அண்ணன்

முடிகிறது. 20 கிலோ குலையை முன்பு போலவே தள்ளுவண்டியில் ஏற்றுகிறேன். ஆனால் முதல் வாரம் எதையும் தூக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) கொடுத்தார்கள், அது முடிந்தும் சில நாள் வேலையை மேற்பார்க்கும் தண்டலிடம் பேசி உதிரிப் பழம் பொறுக்கும் வேலை கேட்டு வாங்கிக்கொண்டேன். மருத்துவ விடுப்புச் சட்டப்படி வேலையில் சேர்ந்து 2 ஆண்டுக்குள் என்றால் வருடத்துக்கு 14 நாள், 5 ஆண்டுவரை 18, அதற்கு மேல் 22. நிரந்தரத் தொழிலாளி என்றால் சம்பளத்தோடு. குத்தகைக்காரரிடம் டன் கணக்கில் வெட்டுகிறவர்களுக்கு வேலை செய்யாத நாள் காசு இல்லாத நாள். அந்தச் செலவுக்கு முன்பே கொஞ்சம் எடுத்து வைத்துவிட்டுப் போவது நல்லது.


ஓய்வு மிஸ்ஸி

தம்பி நன்றாகச் சொன்னார். இரண்டு விஷயம் சேர்க்கிறேன். நூறில் ஒருவர் இருவருக்கு வலி மாதக்கணக்கில் நிற்கலாம். அது அரிது, ஆனால் உண்டு என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். அடுத்தது, செய்த அன்றே பலன் கிடையாது. நாளத்தில் ஏற்கெனவே இருக்கும் அணுக்கள் வெளியேற வேண்டும். 12 வாரம் கழித்து, அதற்குள் 20 முறையாவது விந்து வெளியேறிய பிறகு, பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். "இல்லை" என்று ரிப்போர்ட் வரும் வரை வேறு பாதுகாப்பு கட்டாயம். அந்தப் பரிசோதனைக்குப் போகாமல் விட்டு, நான்காவது பிறந்த பிறகு மனைவியைச் சந்தேகப்பட்ட ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்தப் பெண் பட்ட பாடு எனக்கு இன்னும் ஆறவில்லை.

தேன்மல்லி, உனக்கு 98 நாள் பிரசவ விடுப்பு இருக்கிறது. உன் கணவர் செய்துகொள்வதானால் அந்தக் காலத்துக்குள்ளேயே செய்து, பரிசோதனையும் ஏறக்குறைய முடித்துவிடலாம்.


தேன்மல்லி

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு இந்த இழை முழுவதையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். முகம் தெரியாத அக்கா எழுதியதைக் கேட்டு அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். குலைவெட்டு அண்ணன் எழுதியதை இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

அத்தையிடம் அவரே பேசினார். பையனோ பெண்ணோ இதோடு நிறுத்துகிறோம், இதை மறுபடி பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அத்தை இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் காலையில் எனக்காகக் கஞ்சி வைத்திருந்தார்.

கட்டுவதா, அவர் செய்துகொள்வதா என்பது இன்னும் முடிவாகவில்லை. நான் கட்டிக்கொள்ளத் தயார், எப்படியும் வயிற்றைத் திறக்கிறார்கள். அவர் "மூன்று முறை நீ மேசையில் படுத்தது போதும், கூட ஐந்து நிமிடம்கூட வேண்டாம்" என்கிறார். அடுத்த வாரம் கிளினிக்குக்கு இருவரும் சேர்ந்தே போகிறோம். இத்தனை பிரசவத்தில் அவர் கதவுக்கு வெளியே மோட்டாரில் உட்கார்ந்துதான் காத்திருப்பார். இந்த முறை உள்ளே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

கீழே உள்ளதை அவர் என் போனில் எழுதினார், திருத்தாமல் போடுகிறேன்:

குலைவெட்டு அண்ணே, வணக்கம். நான் குத்தகைக்காரரிடம் டன்னுக்கு வெட்டுகிறேன், எம்.சி. காசு கிடையாது. மொத்தம் எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை என்று உண்மையாகச் சொல்லுங்கள். அந்தப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரியில் போய்த்தான் கொடுக்க வேண்டுமா, வீட்டிலேயே எடுத்துக்கொண்டு போகலாமா?


குலைவெட்டு அண்ணன்

தம்பி, வணக்கம். வெட்டுக் கம்பைத் தொட எனக்குப் பத்து நாள் ஆனது. நீங்கள் இரண்டு வாரம் என்று வைத்துக்கொண்டு காசு ஒதுக்குங்கள், மழைக்காலத்தில் வெட்டு குறையும்போது தேதி கேளுங்கள். பரிசோதனைக்கு ஒரு டப்பா கொடுப்பார்கள். வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்வார்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குக் காலையில் சாலை நெரிசல் எப்படி என்று உங்களுக்கே தெரியும், விடியும் முன்னே கிளம்புங்கள். சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், குளிர்ந்துவிடக் கூடாது.

வேறு ஏதாவது கேட்க வேண்டும் என்றால் தனிச் செய்தியில் எழுதுங்கள். நான் வந்தே கூட்டிக்கொண்டு போகிறேன்.